ஆர்சி ஹெலிகாப்டர் அடங்க மறுக்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஆர்சி, அதாவது ரிமோட்டில் ஓட்டும் ஹெலிகாப்டர் பழக ஆரம்பித்த முதல் மாதத்தில் எல்லாருக்கும் வரும் சந்தேகம் இது: தப்பு என் கையிலா, மெஷினிலா? பதில் தெரியாமல் சிலர் நல்ல ஹெலியைக் கழற்றிப் போட்டுக் கெடுக்கிறார்கள். வேறு சிலர் கோணலான ஷாஃப்ட்டோடு (சுற்றும் தண்டு) மல்லுக்கட்டிவிட்டு, "நமக்கு இது வராது" என்று மூட்டைகட்டி வைத்துவிடுகிறார்கள். இந்த இரண்டாவது வகையினரை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறாது. கோணலான ஷாஃப்ட் உள்ள ஹெலியை அனுபவசாலியாலும் ஒழுங்காக நிறுத்த முடியாது.

இங்கே சொல்வதெல்லாம் பேட்டரியில் ஓடும், கலெக்டிவ் பிட்ச் (பிளேடுகளின் சாய்வுக் கோணத்தை ஒன்றாக மாற்றும் வசதி) உள்ள, ஃப்ளைபார் (ரோட்டாரைச் சமநிலைப்படுத்தும் குறுக்குத் தண்டு) இல்லாத ஹெலிக்கு. அளவு சொல்லும்போது 450 வகையை, அதாவது 325 மி.மீ. பிளேடு போடும் ஹெலியை மனதில் வைத்திருக்கிறேன். மேலிருந்து பார்த்தால் மெயின் ரோட்டார் கடிகார திசையில் சுற்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான மாடல்கள் அப்படித்தான்.

வேலையை ஆரம்பிக்கும் முன் ஒன்று. மேஜையில் பேட்டரி மாட்டிச் சோதிப்பதென்றால் மெயின் பிளேடு, வால் பிளேடு இரண்டையும் கழற்றிவிடுங்கள், அல்லது மோட்டார் வயரைப் பிரித்துவிடுங்கள். 450 ஹெலியின் ரோட்டார் விட்டம் ஏறக்குறைய 70 செ.மீ. நிமிடத்துக்கு 2800 சுற்று சுற்றினால் பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 370 கிலோமீட்டரை ஒட்டி வரும். கைக்கு எட்டும் தூரத்தில் அது ஓடக்கூடாது. பறக்க விடும்போது குறைந்தது பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். ஹெலி பக்கம் நடக்கும்போதெல்லாம் த்ராட்டில் ஹோல்டு ஸ்விட்ச் (மோட்டாரை நிறுத்தி வைப்பது) போட்டிருக்க வேண்டும்.

பேட்டரி மாட்டியாச்சு, மோட்டார் அசையவே இல்லை

இதில் பத்துக்கு எட்டு முறை கோளாறு எதுவுமே இருக்காது. த்ராட்டில் ஸ்டிக் அடியோடு கீழே இருக்கிறதா, த்ராட்டில் ஹோல்டு எடுக்கப்பட்டிருக்கிறதா, டிரான்ஸ்மிட்டரில் (கையில் பிடிக்கும் ரிமோட்) சரியான மாடல்தான் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஐடில்-அப் ஸ்விட்ச் (ஸ்டிக் கீழே இருந்தாலும் ரோட்டார் வேகத்தைப் பிடித்து வைப்பது) போட்டபடி பேட்டரியை மாட்டினாலும் ஸ்பீடு கன்ட்ரோலர் பாதுகாப்புக்காக மோட்டாரை ஓட விடாது. அது "பீப் பீப்" என்று விடாமல் கத்திக்கொண்டிருந்தால் அதற்கு த்ராட்டிலின் கீழ் எல்லை புரியவில்லை என்று அர்த்தம். கையேட்டில் உள்ளபடி மேல், கீழ் எல்லைகளை மறுபடியும் பழக்கிக் கொடுங்கள்.

இன்னொன்று பலர் கவனிக்காதது. பேட்டரி மாட்டியதும் கைரோ (ஹெலியின் அசைவை உணர்ந்து திருத்தும் கருவி) தன் நிலையை அளந்துகொள்ள சில நொடிகள் எடுக்கும். அந்த நேரத்தில் ஹெலியைக் கையில் வைத்திருந்தாலோ, காற்றில் அது ஆடினாலோ கைரோ தயார் நிலைக்கு வராது. தரையில் வைத்து, கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் எழும்பவில்லை

முதலில் பிளேடைப் பாருங்கள். தடித்து உருண்ட விளிம்பு முன்னால் போக வேண்டும், மெல்லிய விளிம்பு பின்னால். மாற்றிப் போட்டிருந்தால் சத்தம் வரும், தூக்காது. ரோட்டாரே எதிர்த் திசையில் சுற்றினால் மோட்டாரின் மூன்று வயர்களில் ஏதாவது இரண்டை இடம் மாற்றுங்கள்.

அதுவும் சரியாக இருந்தால் பிட்ச். ஸ்டிக் நடுவில் இருக்கும்போது பிளேடு 0 டிகிரியில் இருக்க வேண்டும். 450 ஹெலி ஹோவர் செய்ய 5 முதல் 6 டிகிரி தேவைப்படும். பிட்ச் கேஜ் விலை அதிகமில்லை. கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக வைப்பதை விட்டு அதை வாங்கிவிடுங்கள். மேலே தள்ளினால் ஹெலி தரையை அழுத்துகிறது என்றால் பிட்ச் திசை தலைகீழாக இருக்கிறது.

மோட்டார் சத்தம் மட்டும் சட்டென்று உயர்ந்து ரோட்டார் வேகம் ஏறவில்லையா? மெயின் கியரில் பல் போயிருக்கலாம், பினியன் (மோட்டாரில் உள்ள சிறு கியர்) ஸ்குரூ தளர்ந்து மோட்டார் ஷாஃப்ட் மேல் வழுக்கலாம், அல்லது ஒன்-வே பேரிங் (ஒரு திசையில் மட்டும் பிடிக்கும் பேரிங்) பிடிக்காமல் இருக்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு ரோட்டார் தலையைக் கையால் கடிகார திசையில் சுற்றினால் லேசாகச் சுற்ற வேண்டும். எதிர்த் திசையில் சுற்றினால் மெயின் கியரும் கூடவே வர வேண்டும். இரண்டு பக்கமும் லேசாகச் சுற்றினால் பேரிங்கை மாற்றுங்கள்.

எழும்பும்போதே இடப்பக்கம் சாய்ந்து கவிழப் பார்க்கிறது

இது மெஷின் கோளாறு என்று எண்ணி எத்தனையோ பேர் ட்ரிம்மை (ஸ்டிக்கின் நடுநிலையை நகர்த்தும் அமைப்பு) திருகியிருக்கிறார்கள். கோளாறு அல்ல, இயற்பியல். ரோட்டார் கடிகார திசையில் சுற்றும்போது உடம்பு எதிர்த் திசையில் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க வால் ரோட்டார் வாலை இடப்பக்கம் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் வாலை மட்டும் தள்ளாமல் ஹெலி முழுவதையும் இடப்பக்கம் நகர்த்தும். அதனால்தான் ஹோவரில் நிற்கும் ஹெலி வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்தே நிற்கும். எழும்பும் நொடியில் வலது சைக்ளிக் (ஹெலியைச் சாய்க்கும் ஸ்டிக்) லேசாகக் கொடுக்க உங்கள் கைதான் பழக வேண்டும்.

இங்கே இரண்டாவது பொறி ஒன்று இருக்கிறது. ஃப்ளைபார் இல்லாத ஹெலியில், தரையில் இருக்கும்போது ஸ்டிக்கைத் தொட்டால் ஸ்வாஷ்பிளேட் (பிளேடுகளின் கோணத்தை மாற்றும் வட்டத் தட்டு) சாய்ந்து அப்படியே நிற்கும், ஸ்டிக்கை விட்டாலும் உடனே திரும்பாது. "நான் சாயச் சொன்னேன், ஹெலி இன்னும் சாயவில்லையே" என்று கைரோ மேலும் மேலும் சாய்த்துக்கொண்டே போகும். அந்தச் சாய்வோடு த்ராட்டில் கொடுத்தால் எழும்பிய கணமே உருளும். ஆகவே தரையில் ஸ்டிக்கோடு விளையாடாதீர்கள். ரோட்டார் முழு வேகத்துக்கு வந்ததும், ஸ்வாஷ்பிளேட் சமமாக இருக்கிறதா என்று பார்த்து, தயங்காமல் தூக்குங்கள். அரை மனதாக, தரையை உரசியபடி தூக்குவதுதான் கவிழ்வதற்கு முதல் காரணம். தரையை ஒட்டி, ஒரு ரோட்டார் விட்டத்துக்குள், தன் காற்றே திரும்பி அடித்து ஹெலியை வழுக்கித் தள்ளும். தரையைத் தொட்டுக்கொண்டு பழகினால் ஆபத்து குறையும் என்று தோன்றும். ஆனால் கண் மட்டத்தில்தான் ஹெலி அமைதியாக இருக்கும்.

இரண்டுமே இல்லாமல், எந்தப் பக்கமாவது வேகமாக உருண்டுவிடுகிறது என்றால் அது நிஜக் கோளாறு, உடனே நிறுத்துங்கள். மோட்டார் வயரைக் கழற்றிவிட்டு ஹெலியைக் கையில் தூக்கி முன்னால் சாயுங்கள். ஸ்வாஷ்பிளேட் பின்னால் சாய்ந்து, தரைக்குச் சமமாக இருக்கப் பார்க்க வேண்டும். வலப்பக்கம் சாய்த்தால் அது இடப்பக்கம் வர வேண்டும். நீங்கள் சாய்க்கும் திசையிலேயே அதுவும் சாய்ந்தால் கைரோவின் திருத்தும் திசை மாறியிருக்கிறது. அமைப்பில் அதைத் திருப்பாமல் பிளேடு போடவே கூடாது.

வால் பம்பரமாகச் சுற்றுகிறது

இதற்கும் மேஜையிலேயே சோதனை உண்டு. ரட்டர் ஸ்டிக்கை (வாலைத் திருப்பும் ஸ்டிக்) வலப்பக்கம் தள்ளி, வால் ஸ்லைடர் (வால் பிளேடின் கோணத்தை மாற்றும் பாகம்) எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கை விட்டுவிட்டு ஹெலியின் மூக்கைக் கையால் வெடுக்கென்று இடப்பக்கம் திருப்புங்கள். ஸ்லைடர் முன்பு நகர்ந்த அதே பக்கம் நகர வேண்டும். எதிர்ப்பக்கம் போனால் கைரோ திசை தலைகீழ், அமைப்பில் மாற்றுங்கள்.

ஹெடிங் ஹோல்டு நிலையில் (மூக்கின் திசையைக் கைரோ பிடித்து வைக்கும் நிலை), மேஜையில் ஸ்டிக்கை விட்டபின் ஸ்லைடர் நடுவுக்குத் திரும்பாமல் அங்கேயே நிற்பது சகஜம். அதைச் சரிசெய்யக் கிளம்பிவிடாதீர்கள்.

பெல்ட் வால் உள்ள ஹெலியில் பெல்ட்டை 90 டிகிரி முறுக்கி மாட்டும்போது தவறான பக்கம் முறுக்கிவிட்டால் வால் ரோட்டார் எதிர்த் திசையில் சுற்றும். புதிதாக அசெம்பிள் செய்தவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இது.

வால் படபடவென்று ஆடுகிறது

ஆட்டத்தில் இரண்டு வகை. வேகமாக, நடுங்குவதுபோல ஆடினால் கெயின் (கைரோ எவ்வளவு பலமாகத் திருத்த வேண்டும் என்ற எண்) அதிகம். மெதுவாக, அலைபோல் இப்படியும் அப்படியும் போய் வந்தால், அல்லது திருப்பி நிறுத்தியதும் ஒருமுறை துள்ளி நின்றால் கெயின் குறைவாக இருக்கலாம். ஐந்து ஐந்தாக மாற்றி, ஒவ்வொரு முறையும் ஹோவர் செய்து பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு அமைப்பை மாற்றினால் எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாமல் போய்விடும்.

ஆனால் நேற்றுவரை நன்றாக இருந்த வால் இன்று ஆடுகிறது என்றால் கெயினைத் தொடாதீர்கள். எண் தானாக மாறவில்லை; மெஷினில்தான் ஏதோ மாறியிருக்கிறது. நான் இதைக் கற்றுக்கொள்ள மூன்று சாயங்காலம் ஆயிற்று. லேசாகத் தரையில் மோதிய ஒரு ஹெலி, வெளியில் கீறல்கூட இல்லை. வால் மட்டும் நடுங்கியது. 40, 35, 30 என்று கெயினைக் குறைத்துக்கொண்டே வந்தேன். நடுக்கம் குறைந்தது, கூடவே வாலின் பிடிப்பும் போனது. மூன்றாம் நாள் வாலுக்குச் சம்பந்தமே இல்லாத மெயின் ரோட்டார் தலையைப் பிரித்தேன். உள்ளே இருக்கும் ஃபெதரிங் ஷாஃப்ட் (இரண்டு பிளேடு கிரிப்பையும் இணைக்கும் தண்டு) வளைந்திருந்தது. அதிலிருந்து கிளம்பிய அதிர்வு கைரோவைக் குழப்பி, வாலில் வந்து தெரிந்திருக்கிறது. புது ஷாஃப்ட் போட்டு, கெயினைப் பழைய 40க்கே கொண்டுபோனேன். வால் சிலைபோல் நின்றது.

வாலில் தேட வேண்டியவை: ஸ்லைடரையும், அதைச் சர்வோவோடு (பாகங்களை நகர்த்தும் சிறு மோட்டார்) இணைக்கும் கம்பியான புஷ்ராடையும் விரலால் நகர்த்திப் பாருங்கள். சர்வோவிலிருந்து கழற்றிவிட்டால் புஷ்ராடு தன் எடையிலேயே வழுக்கி ஓட வேண்டும். எங்காவது பிடித்தால் அங்கே தேய்மானமோ வளைவோ இருக்கிறது. வால் பிளேடு நுனியைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். கிரிப்பில் தொளதொளப்பு தெரிந்தால் பேரிங் போயிருக்கிறது. வால் சர்வோ பிடிமானம், கைரோவின் அடியில் ஒட்டிய இரட்டைப் பக்க டேப், பெல்ட் இறுக்கம், பூமை (வால் குழாய்) தாங்கும் குச்சிகளின் ஸ்குரூ எல்லாவற்றையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிடுங்கள்.

ஒட்டுமொத்த ஹெலியும் நடுங்குகிறது

எனக்கு மிகவும் பிடித்த தேடல் இது, ஏனென்றால் பொறுமையாகச் செய்தால் கட்டாயம் பிடிபடும். சுற்றும் பாகங்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வருவதுதான் வழி.

மெயின் பிளேடுகளைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். நடுக்கம் நின்றால் குற்றவாளி பிளேடோ பிளேடு போல்ட்டோ. நிற்கவில்லையென்றால் வால் பிளேடுகளையும் கழற்றி ஓட்டுங்கள். அப்போது நின்றால் வால் பிளேடு சமநிலையில் இல்லை, ஒருவேளை நுனி புல்லில் பட்டு ஒடிந்திருக்கும். இன்னும் நடுங்கினால் மெயின் ஷாஃப்ட், வால் ஷாஃப்ட், மோட்டார் இவற்றில் ஒன்று. பிளேடு இல்லாமல் ஓட்டும்போது வேகத்தை மெதுவாக ஏற்றுங்கள், சில நொடிகளுக்கு மேல் ஓட விடாதீர்கள்.

பிளேடு போல்ட் இறுக்கத்துக்கு ஒரு கணக்கு உண்டு. பிளேடு இரண்டும் நேராக நீட்டியிருக்க, ஹெலியைப் பக்கவாட்டில் படுத்தாற்போலப் பிடியுங்கள். பிளேடு தானாகத் தொங்கக்கூடாது. ஒரு உலுக்கு உலுக்கினால் தொங்க வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் சுற்றும்போது பிளேடு தானாக நேராகிக்கொள்ள முடியாமல் நடுக்கம் வரும்.

ஷாஃப்ட் வளைந்திருக்கிறதா என்று காற்றில் பிடித்துக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஷாஃப்ட்டைக் கழற்றி, எண்ணெய் துடைத்து, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வையுங்கள். பின்னால் விளக்கு இருக்கட்டும். கண்ணைக் கண்ணாடி மட்டத்துக்குக் கொண்டுபோய், ஒரு விரலால் மெதுவாக உருட்டுங்கள். நேரான ஷாஃப்ட் சத்தமில்லாமல் ஒரே சீராக உருளும், அடியில் வெளிச்சம் தெரியாது. வளைந்த ஷாஃப்ட்டின் அடியில் மயிரிழை போல ஒரு வெளிச்சக் கோடு திறக்கும், மூடும், மறுபடி திறக்கும். விரலுக்கு "டிக் டிக்" என்று ஒரு தட்டலும் தெரியும். அதைத் தட்டி நிமிர்த்தலாமா என்று கேட்காதீர்கள். மாற்றுங்கள். நிமிர்த்திய ஷாஃப்ட் என்று ஒன்று கிடையாது.

ரோட்டார் வேகம் எடுக்கும்போது மட்டும் தரையில் குலுங்கி, பிறகு அடங்கிவிடுகிறதா? கொஞ்சம் குலுங்குவது எல்லா ஹெலிக்கும் உண்டு. பிளேடை முன்கூட்டியே நேராக வைத்து, வேகம் மெதுவாக ஏறும்படி அமைத்தால் குறையும்.

பக்கவாட்டில் பார்த்தால் பிளேடு இரண்டு தட்டாகத் தெரிகிறது

ஒரு பிளேடு நுனியில் சிவப்பு டேப்பும் மற்றதில் கறுப்பு டேப்பும் ஒரே நீளத்தில் ஒட்டுங்கள். கண் மட்டத்தில் ஹோவர் செய்ய வைத்து, பத்து மீட்டர் தள்ளி நின்றே பாருங்கள். குனிந்து அருகில் போக வேண்டாம். எந்த நிறம் மேலே ஓடுகிறதோ அந்த பிளேடின் பிட்ச் குறைய வேண்டும். அதன் லிங்க்கை (ஸ்வாஷ்பிளேட்டிலிருந்து பிளேடுக்குப் போகும் இணைப்புக் கம்பி) ஒரு முழுச் சுற்று திருப்பி மறுபடி பாருங்கள். நாலைந்து சுற்று திருப்பியும் சேரவில்லை என்றால் திருப்பிக்கொண்டே போகாதீர்கள். மோதிய ஹெலியாக இருந்தால் ஃபெதரிங் ஷாஃப்ட்டுக்கே திரும்பிப் போங்கள்.

ஹோவரில் ஓரிடத்தில் நிற்காமல் நழுவிக்கொண்டே இருக்கிறது

ஹெலியை ஒரு பந்தின் உச்சியில் வைத்த கோலிக்குண்டாக நினைத்துக்கொள்ளுங்கள். கைரோ அதன் சாய்வைப் பிடித்து வைக்கும், இடத்தைப் பிடித்து வைக்காது. எனவே நழுவுவது இயல்பு. ஒரே பக்கம், ஒரே அளவில், காற்றில்லாத நேரத்திலும் நழுவினால் மட்டும் மெஷினைச் சந்தேகப்படுங்கள்: சர்வோ கைகள் நடுநிலையில் 90 டிகிரியில் இருக்கின்றனவா, ஸ்வாஷ்பிளேட் சமமா, லிங்க் நீளம் சமமா என்று பாருங்கள்.

டிரான்ஸ்மிட்டர் ட்ரிம்மை மட்டும் தொடாதீர்கள். ஃப்ளைபார் இருந்த காலத்து ஹெலிக்கு ட்ரிம் சரி. இப்போதைய கைரோ ட்ரிம்மை "தொடர்ந்து சாய்" என்ற கட்டளையாகவே எடுத்துக்கொள்ளும். இன்று ஒரு கோளாறை மறைக்க ட்ரிம் போட்டால், நாளை இரண்டு கோளாறைத் தேட வேண்டியிருக்கும்.

சோம்பலாக, தண்ணீரில் மிதப்பதுபோல் ஆடுகிறது, த்ராட்டில் கூட்டினால் வால் பிடுங்கிக்கொண்டு திரும்புகிறது என்றால், ரோட்டார் வேகம் போதவில்லை. பயந்துபோய் வேகத்தைக் குறைத்து வைப்பது புதியவர்களின் வழக்கம். வேகம் குறைந்தால் வாலுக்கும் பலம் குறையும், ஸ்டிக்குக்கும் தாமதமாகக் கீழ்ப்படியும். கையேடு சொல்லும் வேகத்திலேயே பழகுங்கள். ஸ்டிக் கூர்மையாக இருக்கிறது என்று தோன்றினால் எக்ஸ்போவை (ஸ்டிக்கின் நடுப்பகுதியை மென்மையாக்கும் அமைப்பு) கூட்டிக்கொள்ளுங்கள்.

மூக்கு என் பக்கம் திரும்பியதும் கை தடுமாறுகிறது

மெஷினில் ஒன்றும் இல்லை. ஹெலி உங்களைப் பார்க்கும்போது அதன் வலம் உங்கள் இடம். அதை மூளை யோசித்துச் செய்ய நேரம் கிடையாது, விரலே செய்ய வேண்டும். அதற்கு சிமுலேட்டர்தான் வழி. வால் நம் பக்கம், பிறகு வலப்பக்கவாட்டு, இடப்பக்கவாட்டு, கடைசியாக மூக்கு நம் பக்கம்: ஒவ்வொன்றிலும் ஒரு முழு நிமிடம் ஓரிடத்தில் நிறுத்த முடிந்த பிறகே அடுத்ததற்குப் போங்கள். வலப்பக்கம் நன்றாக வந்து இடப்பக்கம் வராமல் இருப்பது எல்லாருக்கும் நடக்கும். வராத பக்கத்துக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுங்கள்.

நிஜத்தில் திசை குழம்பினால் ஒரே விதி: முடிந்தால் வாலை உங்கள் பக்கம் திருப்புங்கள், முடியாது என்று தெரிந்த நொடியில் த்ராட்டில் ஹோல்டு. மோட்டார் விசை இல்லாத பிளேடோடு விழுந்தால் சேதம் குறையும், மனிதர்களுக்கும் ஆபத்து குறையும்.

பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது

புது பேட்டரியென்றால் முதலில் டைமரை 4 நிமிடத்துக்கு வையுங்கள். இறக்கியதும் சார்ஜர் எவ்வளவு திருப்பி ஏற்றியது என்று பாருங்கள். 2200 மில்லிஆம்ப்-அவர் பேட்டரியில் 1760க்கு மேல் ஏறினால், அதாவது 80 சதவீதத்தைத் தாண்டினால், டைமரைக் குறைக்க வேண்டும். லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் ஒரு செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், வாரக்கணக்கில் பறக்கப் போவதில்லை என்றால் 3.8 வோல்ட்டில் வையுங்கள். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜில் போடாதீர்கள்.

பேட்டரி நல்லது, ஆனால் மோட்டார் மேல் விரல் வைக்க முடியாத சூடு என்றால், பினியனும் மெயின் கியரும் மிக இறுக்கமாகப் பொருந்தியிருக்கலாம். இடையில் ஒரு காகிதத் துண்டு நுழைத்து, மோட்டாரை நெருக்கி ஸ்குரூ முடுக்கி, காகிதத்தை எடுங்கள். அந்த இடைவெளி போதும்.

நடுவானில் திடீரென்று வெட்டி இழுக்கிறது

பறப்பதை அன்றைக்கு நிறுத்துங்கள். கனெக்டர் தளர்வு, சர்வோ வயர் கார்பன் விளிம்பில் உரசி அறுந்திருப்பது, ரிசீவர் ஆன்டெனா கார்பனோடு ஒட்டிக் கிடப்பது மூன்றையும் பாருங்கள். பெல்ட் வாலில் உலர்ந்த நாளில் நிலைமின்சாரம் சேர்ந்தும் இப்படி வரும். பூமையும் ஃபிரேமையும் மோட்டார் உடம்பையும் ஒரு மெல்லிய வயரால் இணைத்தால் அடங்கும். கிளம்பும் முன் ரேஞ்ச் சோதனை (சிக்னல் போதிய தூரம் எட்டுகிறதா என்பது) செய்யுங்கள். டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் இருக்கிறதா என்பதையும், பிளேடு இல்லாமல், பார்த்துவிடுங்கள்.

விழுந்துவிட்டது, மேலுக்கு ஒன்றும் ஆகவில்லை

பிளேடு தரையில் பட்டிருந்தால் ஏதாவது ஆகியிருக்கும். மெயின் பிளேடில் மயிரிழை விரிசல் தெரிந்தால்கூட அதைக் குப்பையில் போடுங்கள். ஃபெதரிங் ஷாஃப்ட்டையும் மெயின் ஷாஃப்ட்டையும் கண்ணாடியில் உருட்டுங்கள். மெயின் கியரை ஒவ்வொரு பல்லாக நகத்தால் வருடிப் பாருங்கள். சர்வோ ஒவ்வொன்றையும் பேட்டரி மாட்டாமல் கையால் மெதுவாக நகர்த்துங்கள். எங்காவது "டக்" என்று தடுக்கினால் உள்ளே கியர் பல் போயிருக்கிறது. லிங்க்குகள் லேசாகக் கழன்று வந்தால் புதிது போடுங்கள். உலோகத்தில் ஏறும் உலோக ஸ்குரூவுக்கெல்லாம் நடுத்தர வலிமையுள்ள நீல திரெட்லாக் (ஸ்குரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு; பிளாஸ்டிக்கில் அது படக்கூடாது.

பிறகு பிளேடு இல்லாமல் ஒருமுறை ஓட்டம், பிளேடு போட்டு ஒரு நிமிட ஹோவர். இறக்கி, எல்லா ஸ்குரூவையும் மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு அடுத்த பேட்டரியை எடுங்கள்.